குழுவைக் கலைக்கச் சொன்ன மாவட்டக் கல்வி அலுவலருக்கு

ஐயா,

போன வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே முக்காலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு நிமிடம் பத்து விநாடி. ஆசிரியர்கள் தாங்களாக நடத்தும் வாட்ஸ்அப் குழுக்களை எல்லாம் மூன்று நாளைக்குள் கலைத்துவிட வேண்டும், ஒன்றியத்துக்கு ஒரே ஒரு குழு போதும், அதிலும் அட்மின் மட்டுமே பதிவிடுவார், பெற்றோர் குழுக்களிலும் இதே மாதிரி செட்டிங்கை மாற்றிவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும் என்றது. தேதி இல்லை, கையெழுத்து இல்லை, அலுவலகக் கோப்பைக் குறிக்கும் ந.க. எண் இல்லை. "மேலிடத்து உத்தரவு" என்று மட்டும் இருந்தது. அந்த மேலிடம் நீங்கள்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன், அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது: உங்களிடம் கேள்வி கேட்க இருந்த வழியைத்தான் அந்தக் குரல் பதிவு அடைத்துவிட்டதே.

நான் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. பதினான்கு வருஷமாகிறது. தலைமையாசிரியர் நான்கையும் ஐந்தையும் பார்க்கிறார், நான் ஒன்று முதல் மூன்று வரை. அவர் கூட்டம், கருவூலம் என்று கிளம்பிவிட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில். அந்த மாதிரிப் பள்ளியில் ஒரு பாடத்தை எப்படி நடத்துவது என்று சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. பெரிய பள்ளிகளில் ஸ்டாஃப் ரூம் இருக்கிறது, டீ குடிக்கும்போது பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கேட்டுவிடலாம். என்னுடைய ஸ்டாஃப் ரூம் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் புங்கமரத்தடி. அங்கே நின்றால்தான் டவர் இரண்டு கோடு காட்டும்.

எங்கள் குழுவை யாரும் சொல்லி ஆரம்பிக்கவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள், ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகள் மறுபடி வகுப்புக்குள் வந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, சரி, ஆனால் டிவி இல்லாத வீட்டுக்கும் கேபிள் கட்டாத வீட்டுக்கும் என்ன செய்வது என்று ஒன்பது பேர் பேச ஆரம்பித்தோம். ஒருவர் பயிற்சித்தாள் தயாரித்து அனுப்புவார், இன்னொருவர் தன் ஊரில் ஜெராக்ஸ் எடுத்து இரண்டு வண்டியில் நான்கு ஊருக்குக் கொண்டுபோவார். அந்த ஒன்பது பேர்தான் இன்றைக்கு நூற்றறுபது சொச்சம். கோப்புகளுக்கு ஒரு டெலிகிராம் சேனல் (போனில் இடம் நிரம்பிவிடுகிறது என்று எல்லாரும் புலம்பியதால்), மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சாயங்காலம் கூகுள் மீட்டில் ஒரு மணி நேரம். துறைக்கு இதில் ஒரு பைசா செலவில்லை.

அந்தக் குழுவில் என்ன நடக்கிறது என்று நீங்கள் நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பு, கழித்தல். 304லிருந்து 127. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நானும் எல்லாரையும் போலச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒரு பிள்ளை எழுந்து, "பக்கத்து வீட்டுல பூஜ்யம்தானே டீச்சர் இருக்கு, அவங்ககிட்ட எப்படிக் கடன் கேக்குறது?" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன், பிறகு வழக்கமான விதியைச் சொல்லி முடித்துவிட்டேன். மறுநாள் அதே கணக்குக்கு அவள் 223 என்று எழுதியிருந்தாள். ஏழில் நான்கு போக மூன்று, இரண்டில் பூஜ்யம் போக இரண்டு, மூன்றில் ஒன்று போக இரண்டு. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டாள், மேலே இருப்பது எது கீழே இருப்பது எது என்றெல்லாம் பார்க்கவில்லை. எட்டு பேர் அதே விடையை எழுதியிருந்தார்கள். அப்படியானால் தப்பு அவர்கள் மேல் இல்லையே.

மதியம் புங்கமரத்தடியில் நின்று நோட்டைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். அடுத்த முக்கால் மணி நேரத்தில் மூன்று பதில். அதில் ஒன்று மலையில் வேலை பார்க்கும் ஒரு சார் அனுப்பிய இரண்டு நிமிட வீடியோ. தென்னை ஈர்க்குகளை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார், பத்துக் கட்டுகளைச் சேர்த்துப் பெரிய கட்டாக இன்னொரு ரப்பர் பேண்ட். மூன்று பெரிய கட்டு, நான்கு உதிரிக் குச்சி. நடு வீடு காலி. பெரிய கட்டு ஒன்றை அவிழ்க்கிறார், பத்துச் சின்னக் கட்டுகள் நடு வீட்டுக்குப் போகின்றன. அதில் ஒன்றை அவிழ்க்கிறார், பத்துக் குச்சி கடைசி வீட்டுக்கு. இப்போது இரண்டு, ஒன்பது, பதினான்கு. 127ஐ எடுத்துவிட்டால் 177. அந்த ரப்பர் பேண்டை அவிழ்க்கும் சத்தம் கூட வீடியோவில் கேட்கிறது. அன்றைக்கு ராத்திரி வீட்டில் இரண்டு விளக்குமாறு போனது, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் அந்தப் பிள்ளை தன் கையால் கட்டை அவிழ்த்தாள், ஒன்பது கட்டு மிஞ்சியதைப் பார்த்துவிட்டு, "ஓ, அடுத்த தெருவுல கடன் வாங்கிக் குடுத்திருக்காங்க" என்றாள்.

2022இல் சின்ன வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பயிற்சி கொடுத்தீர்கள், நன்றாகவே இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைப் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது சந்தேகம் புதன்கிழமை பதினொரு மணிக்கு வருகிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுசேரும் குறுவள மையக் கூட்டம் மாதக் கடைசியில். அது வரைக்கும் அந்தப் பிள்ளை 223 எழுதிக்கொண்டே இருக்க வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்கிறேன். என் வகுப்புப் பையன் ஒருவன் பொங்கல் முடிந்து வரவில்லை. வீடு பூட்டியிருந்தது. அப்பா போன் ஸ்விட்ச் ஆஃப். செங்கல் சூளைக்குப் போயிருப்பார்கள் என்று ஊரில் சொன்னார்கள், எந்தச் சூளை என்று யாருக்கும் தெரியவில்லை. நான் தினமும் செயலியில் வருகையில்லை என்று அழுத்திக்கொண்டிருந்தேன், நீண்ட நாள் வராதவர் பட்டியலில் அவன் பெயர் ஏறியது, பட்டியல் மேலே போனது, மேலேயிருந்து "நடவடிக்கை என்ன?" என்று கீழே வந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. குழுவில் கேட்டேன். அதே ஊரில் முன்பு வேலை பார்த்த ஒரு டீச்சர், அந்தக் குடும்பம் வழக்கமாகத் திருவள்ளூர்ப் பக்கம் போவார்கள் என்றார். அவருடைய தோழி அங்கே வேலை பார்க்கிறாராம். அவர் தங்கள் குழுவில் போட்டார். மூன்றாம் நாள் எனக்கு முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து அழைப்பு: "டீச்சர், பையன் எங்க பள்ளிக்குப் பக்கத்துச் சூளையிலதான் இருக்கான். எமிஸ்ல காமன் பூலுக்கு அனுப்பிவிடுங்க, நான் எடுத்துக்கிறேன்." பள்ளி மாறும் பிள்ளைகளுக்காகத் துறையின் எமிஸ் இணையதளத்தில் இருக்கும் அந்தப் பொதுப் பட்டியலுக்கு அவன் பெயரை அனுப்பினேன். மறுநாள் அவன் அங்கே வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அந்த டீச்சர் போனில் அவனைப் பேசவிட்டு அனுப்பிய பதிவை இன்னும் வைத்திருக்கிறேன்: "டீச்சர், என் பென்சில் டப்பா அங்கயே இருக்கு, யாருக்கும் குடுத்துடாதீங்க."

முறைப்படி நான் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதி, அவர் உங்களுக்கு எழுதி, நீங்கள் அந்த மாவட்டத்துக்கு எழுதி, அங்கிருந்து ஒன்றியத்துக்கு வந்து, பள்ளிக்கு வந்திருந்தால் சூளை சீசனே முடிந்திருக்கும். அந்தக் குழுவைத்தான் இப்போது கலைக்கச் சொல்கிறீர்கள்.

எங்கள் குழுவில் கோளாறே இல்லை என்று சொல்லவில்லை. காலையில் ரோஜாப்பூ போட்டு இனிய வணக்கம் வரும். அகவிலைப்படி உயர்ந்துவிட்டதென்று நான்கு வருஷத்துக்கு முந்தைய செய்தி வரும். ஒரு சார் மனை விற்பனை விளம்பரம் போட்டார், அவரை எடுத்துவிட்டோம். தேர்தல் நேரத்தில் கொஞ்சம் சூடாகும், அதற்கும் விதி வைத்தோம்: அரசியல் கிடையாது, பிள்ளைகள் முகம் தெரியும் படம் கிடையாது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் எதுவும் போடக் கூடாது. இந்த மூன்றாவது விதியை உங்கள் அலுவலகக் குழுவுக்கும் சிபாரிசு செய்கிறேன்.

உத்தரவுக்கு என்ன காரணம் என்பது எங்களுக்குத் தெரியும். குரல் பதிவில் "தேவையற்ற விவாதங்கள்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லியிருந்தாலும், பயிற்சி மையத்துக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று ஓர் ஆசிரியை எழுதியதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அது உள்ளூர்ச் செய்தியில் வந்துவிட்டது. அது உங்களுக்குச் சங்கடம்தான், புரிகிறது. ஆனால் காலை ஒன்பது முதல் சாயங்காலம் ஐந்து வரை எழுபது பெண்கள் தண்ணீர் இல்லாத கழிப்பறையோடு உட்கார்ந்திருந்தது அதைவிடப் பெரிய சங்கடமில்லையா? அந்த ஆசிரியை முதலில் மையப் பொறுப்பாளரிடம் நேரில் சொன்னார், மதியம் இன்னொரு முறை சொன்னார், அப்புறம்தான் குழுவில் எழுதினார். செய்தி வந்த மறுநாள் காலையில் லாரித் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே கொடுத்தவர் செய்தது தப்பு என்றால் அவரைக் கேளுங்கள். அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973இலிருந்து இருக்கின்றன, எங்களுக்கும் தெரியும். ஒருவர் செய்ததற்கு நூற்றறுபது பேர் வாயைக் கட்டுவது எந்த விதியில் இருக்கிறது?

இனி, உங்கள் அலுவலகக் குழுவைப் பற்றி. அட்மின் மட்டும் பதிவிடும் வசதியை வாட்ஸ்அப் 2018இல் கொண்டுவந்தது, அறிவிப்பு சொல்ல அது நல்ல வசதிதான், விடுமுறை அறிவிக்கலாம், கூட்டத் தேதி சொல்லலாம். ஆனால் தகவல் கேட்பதற்கு அது உதவாது. கடந்த மாதம் ஒரு படிவம் வந்தது, "மிக மிக அவசரம், இன்று மாலை 4 மணிக்குள்". அதில் ஒரு கட்டம்: கழிப்பறை எண்ணிக்கை. எதை எண்ணுவது? கட்டடத்தையா, உள்ளே இருக்கும் பீங்கானையா, சிறுநீர் கழிக்கும் இடத்தையும் சேர்த்தா? கேட்க முடியாது, பதில் எழுதும் பெட்டியே இல்லை. போன் போட்டால் அலுவலக எண் பிஸி. நான் 2 என்று போட்டேன். அதே மாதிரிக் கட்டடம் உள்ள பக்கத்து ஊர்ப் பள்ளியில் 7 என்று போட்டார்கள். மறுநாள் "முரண்பட்ட தகவல் அளித்த பள்ளிகள்" என்று சிவப்பு நிறத்தில் ஒரு பட்டியல், பகல் பதினொரு மணிக்குள் எழுத்துபூர்வ விளக்கம். பட்டியலில் பாதி ஒன்றியமே இருந்தது. பழைய மாதிரி இருந்திருந்தால் முதல் பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் "பீங்கானை எண்ணணுமா சார்?" என்று கேட்டிருப்பார், நீங்கள் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர்கள், உங்கள் அலுவலகத்துக்கும் ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

அதே குழுவில்தான் காலை உணவு சாப்பிடும் பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுத்துத் தினமும் போடச் சொல்கிறீர்கள். ஒன்றியம் முழுக்க உள்ள போன்களில் அந்தப் படங்கள் கிடக்கின்றன, எந்தப் பெற்றோரிடமும் யாரும் கேட்டதில்லை.

பெற்றோர் குழு விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இதில்தான்.

என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். பத்தொன்பது வீட்டில் ஸ்மார்ட் போன் இருக்கிறது. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஏழரைக்கு மேல்தான் வீட்டுக்கு வரும். எழுதிப் போட்டால் பாதி அம்மாக்களால் படிக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது, அதற்குள் எத்தனை அழகான பி.டி.எஃப்.களை அனுப்பியிருப்பேன்! இப்போது ஏழே முக்காலுக்கு நாற்பது விநாடி பேசி அனுப்புகிறேன். இன்றைக்கு என்ன படித்தோம், நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும், வீட்டில் எதைக் கேட்டால் பிள்ளை பதில் சொல்வான். அவ்வளவுதான். போன் இல்லாத பன்னிரண்டு வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்டுக் காட்டுகிறார்கள்.

பதிலும் குரலாகத்தான் வரும். "டீச்சர், பேரனுக்கு வயித்தால போகுது, அதான் அனுப்பல" என்று ஓர் ஆயா. "இவ நோட்டைத் தொலைச்சுட்டா, அடிச்சிடாதீங்க" என்று ஓர் அப்பா (நான் அடிப்பதில்லை, அவர் வாத்தியார் அடித்த நினைவு அவருக்கு). சென்ற கோடையில் ஓர் அம்மா, "வீட்டுல அம்மை போட்டிருக்கு டீச்சர், சின்னவளுக்கும் மேலெல்லாம் முத்து முத்தா இருக்கு" என்று பேசி அனுப்பினார். அந்தப் பிள்ளை முந்தின நாள் வரை என் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ராத்திரியே மற்ற வீடுகளுக்குச் சொன்னேன், மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொன்னேன். நான்கு பிள்ளைகளோடு நின்றது. பெற்றோர் குழுவிலும் அட்மின் மட்டும் என்று மாற்றிவிட்டால் அந்த அம்மா எங்கே பேசுவார்? என் தனி எண்ணுக்கு அனுப்பலாமே என்பீர்கள். அனுப்ப மாட்டார்கள், ஐயா. டீச்சரின் தனி எண்ணுக்கு ராத்திரி பேசுவதா என்று அந்தப் பெண்களுக்கு அவ்வளவு தயக்கம். நாலு பேர் இருக்கும் இடம் என்றால்தான் கூச்சமில்லாமல் பேசுவார்கள்.

எமிஸில் பெற்றோர் செல்போன் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லி ஓடிபி வாங்கச் சொன்னீர்களே, அப்போது முதல் நாள் ஒருவர் கூடக் கொடுக்கவில்லை. "ஓடிபி கேட்டா யாருக்கும் சொல்லாதீங்கன்னு நீங்கதானே டீச்சர் கூட்டத்துல சொன்னீங்க?" என்று என்னையே மடக்கினார்கள், நியாயம்தானே. குழுவில் நான் பேசிப் போட்டேன், இன்ன நேரத்தில் நானே கூப்பிடுவேன், என் குரலைக் கேட்ட பிறகு சொல்லுங்கள் என்று. இரண்டு நாளில் முடிந்தது. ஒன்றியத்தில் முதலில் முடித்த பள்ளிகளில் ஒன்று என்று உங்கள் பாராட்டுச் செய்தியும் வந்தது. என் குரல் அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது அந்தக் குழுவால்தான்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியர் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோரை அடிக்கடி சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஒரு கடமை. நாள் கூலிக்குப் போகிறவரைப் பகல் இரண்டு மணிக்கு வா என்று கூப்பிட்டால் ஒருநாள் சம்பளம் போய்விடும். இந்தக் குழு இல்லாமல் அந்தக் கடமையை நான் எப்படிச் செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

அந்தக் குரல் பதிவைத் திரும்பப் பெறுங்கள். முடியாது என்றால் ந.க. எண்ணோடு, எந்த விதியின் கீழ் என்று குறிப்பிட்டு, எழுத்தில் கொடுங்கள். நாங்களும் எழுத்தில் பதில் தருகிறோம். அதுவரை குழுவைக் கலைக்காதவர்கள் மீது விளக்கம் கேட்டு மெமோ எதுவும் வரக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் கேட்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

பெற்றோர் குழுக்களை அந்தந்தப் பள்ளிக்கே விட்டுவிடுங்கள். அதை எப்படி நடத்துவது என்று முடிவு செய்யப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோர்களே பெரும்பான்மை.

உங்கள் அலுவலகக் குழுவில் அறிவிப்புக்கு அட்மின் மட்டும் இருக்கட்டும், ஆட்சேபணை இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் 2022இலிருந்து கம்யூனிட்டி என்று ஒன்று இருக்கிறது, அறிவிப்புக்கு ஒரு குழுவும், அதன் கீழே பேசுவதற்குத் தனித்தனிக் குழுக்களும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றியத்துக்கு ஒரு கேள்வி பதில் குழுவை அப்படி வையுங்கள். தகவல் கேட்கும் ஒவ்வொரு படிவத்துக்கும் சந்தேகம் கேட்க ஒரு நாளாவது கொடுங்கள், பதில் சொல்ல ஓர் எழுத்தரைப் பொறுப்பாக்குங்கள். பேரிடர் விடுமுறை தவிர வேறு எதையும் இரவு எட்டு மணிக்கு மேல் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் படங்களைக் கேட்பதை நிறுத்துங்கள், தட்டைப் படம் எடுத்து அனுப்பினால் போதாதா?

கடைசியாக, அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு நீங்களே வாருங்கள். ஈராசிரியர் பள்ளிகளிலிருந்து பத்துப் பேரையாவது பேசவிடுங்கள். நான் ஈர்க்குக் கட்டுகளைக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி